காதலின் மாட்சி: தூய காதல் வரலாற்றுப் புதினங்களும் மலேசியத் தமிழ் வாசகரும்



மலாயாவில் வெளிவந்த முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர் பலரும் குறிப்பிடுவது க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. அது 1917ஆம் ஆண்டில் வெளியானது. நூலின் இரண்டாம் பெயரைக் கவனியுங்கள். காதல் என்னும் சொல்லுக்கு அடுத்து அதன் ஆசிரியர் இன்பத்தையோ துயரத்தையோ வைக்கவில்லை. மாட்சி என்னும் சொல்லை வைத்தார். இந்நாட்டுத் தமிழ்ப் புதினம் தன் முதல் அட்டையிலேயே வாசகருக்கு ஓர் உறுதியைக் கொடுத்துவிட்டது: இக்கதையைப் பெற்றோர் முன்னிலையிலும் படிக்கலாம்; இதில் வரும் காதல் மனிதரைத் தாழ்த்தாது, உயர்த்தும்.

இத்தகைய புதினங்களை நம் திறனாய்வு உலகம் பெரிதும் மதித்ததில்லை. பொழுதுபோக்கு என்றும் கனவுலகம் என்றும் ஒதுக்கிவிட்டது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைத் தமிழர் தேர்வுக்காக அன்றித் தாமே விரும்பித் தமிழில் படித்தவற்றுள் இவற்றின் பங்கு பெரிது. அந்த ஈர்ப்பின் காரணம் என்ன, அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

1. சொல்லின் வரலாறு

ஒரு மொழியியலாளன் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால். அக்காலத்தில் காமம் இழுக்கில்லாத சொல். தலைவனும் தலைவியும் கொண்ட முழுமையான அன்பை அது குறித்தது. பின்னர் அச்சொல் இழிபொருட்பேறு அடைந்தது. காமம் இழந்த இடத்தைக் காதல் நிரப்பியது. கிறித்தவ மறைநூலைத் தமிழாக்கியோர் இறையன்பையும் மானிட அன்பையும் ஒருங்கே சுட்ட அன்பு, நேசம் என்னும் சொற்களைத் தேர்ந்தனர். உன்னதப்பாட்டு என்னும் காதற்பாடல் தொகுதியிலும் தலைவன் 'நேசர்' என்றே அழைக்கப்படுகின்றான். அந்த வழக்கு நம் நாட்டுத் தமிழ்க் கிறித்தவ இல்லங்களிலும் நிலைத்தது. பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் போன்ற வழிபாட்டிடங்களில் தமிழ் மன்றாட்டைக் கேட்டு வளர்ந்தோருக்கு நேசம் என்பது பழகிய சொல்.

ஆகவே, மாசற்ற காதல் என்பது வெறும் ஒழுக்கக் கட்டுப்பாடன்று. ஒரு சொல் தாழும்போது மற்றொரு சொல்லைக் கொண்டு அப்பொருளின் மதிப்பைக் காத்துக்கொள்ள ஒரு சமூகம் காலந்தோறும் செய்துவரும் முயற்சி அது.

2. களவும் கற்பும்

புதினம் என்னும் வடிவம் மேற்கிலிருந்து வந்தது. வரலாற்றுப் புதினத்துக்கு 1814இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' வழிகாட்டி. எனினும், அவ்வடிவம் தமிழ் வாசகருக்கு அயன்மையாகத் தோன்றவில்லை. காரணம் தொல்காப்பியத்திலேயே உள்ளது. களவியலை அடுத்துக் கற்பியல் வருகின்றது. மறைவில் தொடங்கும் காதல், தடைகளைக் கடந்து, ஊரறிந்த மணவாழ்வில் நிறைவுறுகின்றது. தூய காதற்புதினத்தின் கதைப்போக்கும் இதுவே. தலைவனையும் தலைவியையும் பிரித்து வைக்கும் அலரும் இற்செறிப்பும் காவலும் பொருள்வயிற் பிரிவும் புதினத்தில் போராகவும் சிறையாகவும் மாறுவேடமாகவும் உருமாறுகின்றன.

அகப்பாடலின் மற்றொரு பண்பும் இங்கே தொடர்கின்றது. உணர்வை நேரே கூறாமல் உள்ளுறையாலும் இறைச்சியாலும் குறிப்பாக உணர்த்துவது அகமரபு. தூய காதற்கதையும் கூறாமல் விடுவதால் வலிமை பெறுகின்றது. ஆற்றங்கரையில் இருவர் எதிரெதிரே நிற்க, பேச்சு அரசியலைப் பற்றியே நடக்க, வாசகர் மட்டும் வேறொன்றை உணர்கின்றார். இந்த அடக்கத்தைப் பழங்காலத்து நாணம் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அது ஒரு கூறுமுறை.

3. கிறித்தவர் இட்ட அடித்தளம்

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். ஆனால், அவர் படைத்த பிரதாபனும் ஞானாம்பாளும் இந்துக்கள். நீதி புகட்டும் நோக்கம் நூல் முழுவதும் உண்டு. மதமாற்ற நோக்கம் இல்லை. ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஒரு நாட்டையே ஆள்கின்றாள். கற்புடைய மனைவியே அறிவுடைய ஆட்சியாளராகவும் இருப்பாள் என்று அன்றே ஒரு கதை கூறியது. பெண் வாசகரை இவ்வகைப் புதினம் ஈர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே தலைவி மீட்கப்படுபவளாக மட்டும் இருப்பதில்லை, மீட்பவளாகவும் இருக்கின்றாள்.

வரலாற்றுக் காதற்புதினத்தின் தொடக்கமோ ஈழத்தவர் ஒருவரால் நிகழ்ந்தது. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் வெளியாயிற்று. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நூலே தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுகின்றது.

கிறித்தவம், வரலாறு, காதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த தமிழகக் கதைக்கு அ. மாதவையாவின் 'கிளாரிந்தா' தக்க சான்று. அவர் அதனை 1915இல் ஆங்கிலத்தில் எழுதினார். பிற்காலத்தில் சரோஜினி பாக்கியமுத்து தமிழாக்கினார். தஞ்சையைச் சேர்ந்த இளம் பிராமணக் கைம்பெண் ஒருவர் உடன்கட்டையிலிருந்து ஆங்கில அதிகாரி லிட்டில்டனால் காப்பாற்றப்படுகின்றார், அவருடன் வாழ்கின்றார், பின்னர்க் கிறித்தவராகிப் பாளையங்கோட்டையில் திருச்சபைக்கு வித்திடுகின்றார். இதுவே கதைக்கரு. 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்குத் திருமுழுக்கு அளித்ததும், 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டதும் வரலாறு.

இங்கே ஓர் உண்மையை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அதிகாரி உயிருடன் இருந்தபோது, மணமின்றி அவருடன் வாழ்ந்த காரணத்தால் கிளாரிந்தாவுக்குத் திருமுழுக்கு மறுக்கப்பட்டது. தூய்மை என்னும் அளவுகோல் ஒரு பெண்ணைத் திருச்சபையின் வாயிலிலேயே நிறுத்தி வைத்தது. தானும் இந்துவாகவே வாழ்ந்த மாதவையா, அவரை இழிவுபடுத்தாமலும் தெய்வமாக்காமலும் மனிதராகப் படைத்தார். தூய காதற்கதை மெய்யான அறத்தைத் தொடும் இடம் இதுவே. குறையில்லாதவரைப் போற்றுவது எளிது. குறையுடையவர் என்று ஊர் ஒதுக்கியவரின் மாண்பைக் காட்டுவதே இலக்கியத்தின் பணி.

பிற நாட்டிலும் இவ்வகைக்குப் பெரும் வாசகர் கூட்டம் உண்டு. கனடா நாட்டு ஜேனட் ஓக் 1979இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இக்காலக் கிறித்தவ வரலாற்றுக் காதற்புதினத்துக்கு வழி திறந்தது. புதுநிலம் தேடிச் சென்ற குடியேறிகளின் வாழ்வே அதன் களம். புலம்பெயர்வும் தனிமையும் மெல்ல முகிழ்க்கும் அன்பும் அதன் பொருள். குடியேறிகளின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அப்பொருள் அந்நியமானதன்று.

4. கல்கி கடல் கடந்த கதை

மலாயாவில் இவ்விலக்கிய வகையை வேரூன்றச் செய்தவர் கல்கி. 'கல்கி' இதழ் 1941இல் தொடங்கியது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' ஆகியவை அதில் தொடராக வெளிவந்தன. தொடர்ப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து பாதுகாப்பது தமிழர் வாழ்ந்த இடமெங்கும் வழக்கமாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் வட்டாரத் தோட்ட லயங்களிலும் அத்தகைய கட்டுகள் கைமாறின. ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர்.

கல்கியின் கதைகள் இங்குள்ளோரைத் தனியே தொட்டதற்குக் காரணங்கள் உள. 'பார்த்திபன் கனவு' நாயகன் விக்கிரமன் நாடு கடத்தப்படுகின்றான். கடல் கடந்த செண்பகத் தீவில் வாழும் தமிழர்கள் அவனை அரசனாக ஏற்கின்றனர். எனினும், அவன் நெஞ்சம் காவிரிக்கரையையும் அங்கே கண்ட ஒரு முகத்தையுமே நாடுகின்றது. கப்பலேறி வந்து பால்மரத்தடியில் நின்றவர்களுக்கு இது மன்னன் கதையாக மட்டுமா இருந்திருக்கும்? நாட்டின்மேல் கொண்ட ஏக்கத்தையும் காதலின் ஏக்கத்தையும் ஒரே இழையில் பின்னிய அக்கதை, தம் துயரைச் சொல்ல மொழியில்லாதவர்க்கு மொழி கொடுத்தது.

இரண்டாவது காரணம் கடாரம். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு மெய்க்கீர்த்தியில் பதிவானது. அக்கடாரத்தை இன்றைய கெடாவாக அறிஞர் கொள்கின்றனர். சாண்டில்யனின் 'கடல் புறா' கருணாகர தொண்டைமானைக் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியோடு இணைத்தது. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கல்கியைக் கூடத்தில் அமர்ந்து உரக்கப் படித்த இல்லங்களில் சாண்டில்யன் தலையணைக்கடியில் இருந்தார். அவருடைய பெண் வருணனைகளே அதற்குக் காரணம். எது தூயது என்பதை வாசகர் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தனர் என்பதற்கு இவ்வழக்கம் சான்று.

5. மொழி பெற்ற நன்மை

தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தொலைவிலுள்ளவை. நம் பிள்ளைகளுக்கு எழுத்து வழக்கு பாடநூலாகவும் அறிவிப்பாகவும் மேடையாகவுமே அறிமுகமாகின்றது. அஃதாவது, அது உணர்ச்சியற்ற மொழியாக அவர்கள் மனத்தில் பதிகின்றது.

வரலாற்றுக் காதற்புதினம் இந்நிலையை மாற்றியது. அதில் குந்தவை மட்டுமல்லள், ஓடம் செலுத்தும் பூங்குழலியும் எழுத்து வழக்கை ஒட்டியே பேசுகின்றாள். சினப்பதும் கெஞ்சுவதும் ஏளனம் செய்வதும் ஊடுவதும் அம்மொழியிலேயே நிகழ்கின்றன. சமூக நாவலில் எழுத்து வழக்கில் ஊடல் நடந்தால் செயற்கையாகத் தோன்றும். வரலாற்றுக் களத்தில் அதுவே இயல்பு. ஆகவே, செந்தமிழில் அழவும் சிரிக்கவும் முடியும் என்பதைத் தோட்டப்புற வாசகர் முதன்முதலில் உணர்ந்தது இக்கதைகளில்தான் என்பது என் துணிபு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண்கள் பலர் பிழையற்ற கடிதம் எழுதியதற்கு இவ்வாசிப்பு பெருந்துணை புரிந்தது. பின்னாளில் இலட்சுமி, ரமணிசந்திரன் ஆகியோரின் குடும்பக் காதற்கதைகள் அவ்வாசகரைத் தொடர்ந்து தமிழோடு பிணைத்தன.

6. இழப்பும் கடமையும்

நன்மையை மட்டும் கூறி முடிப்பது நேர்மையன்று. 2022இல் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபின், நம் மாணவர் பலர் வந்தியத்தேவனை அறிந்தனர். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பது கல்வெட்டுச் சான்றுடையது. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சியை வகுப்பறைதான் தர வேண்டும்.

அதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. கடாரப் படையெடுப்பைக் காதலும் வீரமுமாகப் படிக்கும்போது, படையெடுக்கப்பட்ட மண்ணில் இன்று நாம் மலாய், சீன மக்களோடு வாழ்கின்றோம் என்பதை மறக்கலாகாது. தாக்குண்ட ஊரில் இருந்தோருக்கும் காதல் இருந்தது, இல்லங்கள் இருந்தன. வென்றவர் மெய்க்கீர்த்தி அவற்றைப் பாடாது.

நம் சொந்த வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். 1942-43இல் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை அக்கொடுமையைப் பதிந்தன. அவற்றிலும் மனைவியைப் பிரிந்த கணவர் உண்டு. வாராதவனை எதிர்நோக்கிய பெண் உண்டு. பாலைத்திணையின் பிரிவு நம் தாத்தா பாட்டியர் வாழ்வில் உண்மையாகவே நடந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இளவரசியின் பெயரை அறிந்த மாணவன், தன் கொள்ளுப்பாட்டி யாருக்காகக் காத்திருந்தாள் என்பதை அறியாதிருப்பது நம் கல்வியின் குறை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. காதற்கதை படிக்கும் மாணவரைக் கண்டிக்காதீர்கள், நூலைப் பறிக்காதீர்கள். அவர் கையில் உள்ளது ஒரு திறவுகோல். 'பார்த்திபன் கனவை' முடித்தவரிடம் 'நினைவுச் சின்னத்தை'க் கொடுங்கள். கிளாரிந்தாவின் கதையைக் கூறி, ஊர் எதைத் தூய்மை என்றது, எதை நாம் தூய்மை என்போம் என்று வினவுங்கள். மாணவர்களே, வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். கிள்ளான் ஆற்றங்கரைக்கும் பிரிக்பீல்ட்ஸ் இரயில் குடியிருப்புக்கும் உரிய வரலாற்றுப் புதினங்கள் இன்னும் பல எழுதப்பட வேண்டியுள்ளன. எழுத வேண்டியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

1917இல் ஓர் எழுத்தாளர் காதலுக்கு மாட்சி உண்டு என்றார். அம்மாட்சி அரண்மனைக்கு மட்டும் உரியதன்று, லயத்துக்கும் உரியது என்று எழுதிக் காட்டுவது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.