சட்டத்தின் பெயரால்



இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்வோர், எர்ணாவூரில் பர்மா நகர் என்னும் பெயரைக் காண்பர். துறைமுகத்தின் அருகே பர்மா பஜார் இருக்கிறது. மாலையில் அத்தோ விற்கும் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. கடல் கடந்த நாட்டின் பெயர் நம் கரையில் வேரூன்றியது எவ்வாறு?

1962 மார்ச் 2ஆம் நாள் இராணுவத் தளபதி நீ வின் ரங்கூனில் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரதமர் ஊ நூ சிறைப்பட்டார், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அம்மாத முடிவிற்குள் உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் ஒழிக்கப்பட்டு, புதிய மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. 1964 மார்ச்சில், தேசிய ஒற்றுமையைக் காப்பது என்ற அழகிய பெயருடன் வந்த சட்டம், ஆளுங்கட்சி நீங்கலாக எல்லாக் கட்சிகளையும் தடை செய்தது. இவ்வாறு, ஒரு சட்டம் நியாயமா என்று கேட்கத்தக்க இடங்கள் யாவும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அப்பால் நடந்தவை எளிதாக நடந்தன. 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. இவை எல்லோருக்கும் பொதுவான சட்டங்களாகவே தோன்றின. ஆயினும் கடைத்தெருவில் இந்தியரும் சீனருமே பெரும்பங்கினர். ஆகவே அடியும் அவர்கள் மீதே விழுந்தது.

பர்மியரின் மனத்தாங்கலுக்குக் காரணம் இல்லாமலில்லை. 1930களின் மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் சேர்ந்திருந்தது. ஆனால் 1964இல் தண்டனை பெற்றவர்களுள் நிலம் சேர்த்தவர்கள் மட்டுமா இருந்தனர்? சிறுகடைக்காரரும் கூலித் தொழிலாளரும் இருந்தனர். 1948இன் குடியுரிமைச் சட்டப்படி பத்திரம் பெறாதிருந்தவர்கள், அங்கேயே பிறந்திருந்தும் அயலாராகவே எண்ணப்பட்டனர். சிறு தொகைக்கு மேல் பணமோ நகையோ எடுத்துச்செல்ல விதி இடந்தரவில்லை. தமிழகத்திற்கு மட்டும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் திரும்பினர். பலர் நம் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுடைய பிழைப்புக்காக 1969இல் பர்மா பஜார் தோன்றியது.

அங்கே சட்டம் ஓயவில்லை. 1982இன் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்தது. 1823க்கு முன்பே அந்நாட்டில் நிலைபெற்ற இனத்தாரே முழுக் குடிமக்கள் என்று வகுத்தது. அரக்கானத்து ரோஹிங்கியா முஸ்லிம்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

நான் தொடக்கப்பள்ளியில் பயின்றபோது, ரங்கூனிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் என்னருகே அமர்ந்திருந்தான். தன் வாசகப் புத்தகத்தில் பக்க அடையாளமாக ஒரு 100 கியாட் நோட்டை வைத்திருந்தான். “இதற்கு என்ன வாங்கலாம்?” என்று கேட்டேன். “அப்பா ஒரு மாதம் உழைத்தது; இப்போது ஒன்றும் வாங்க முடியாது” என்றான். பின்னாளில் முப்பதாண்டுகள் வரலாறு கற்பித்தேன். சர்வாதிகாரத்தைப் பற்றிய பாடம் வந்தபோதெல்லாம் அந்த நோட்டே என் நினைவுக்கு வந்தது. அதைச் செல்லாததாக்கியவன் கள்வன் அல்லன். முறைப்படி வெளியான ஓர் அரசாணை.

ஆதலால், ஒரு சட்டம் வரும்போது அதன் பெயரை மட்டும் பாராதீர்கள். அதைத் தட்டிக்கேட்க மன்றம் இருக்கிறதா, அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதையும் பாருங்கள்.