ஒரே நுரையீரலுக்கு இரண்டு சட்டம்!

ஸ்ரீரங்கத்தில் வீடு. துவாக்குடி தொழிற்பேட்டையில் வேலை. காலையில் டவுன் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறிப் போக வேண்டும். திருச்சியில் இப்படி வாழ்பவர்கள் எத்தனையோ பேர். 1994 முதல் 2009 வரை இவர்கள் சுவாசித்த காற்றுக்கு நம் சட்டம் இரண்டு அளவுகோல் வைத்திருந்தது என்பது தெரியுமா?

கதையை லண்டனில் இருந்து தொடங்க வேண்டும். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து அந்த நகரத்தை ஐந்து நாள் மூடியது. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். அதன் பிறகே, 1956-ல், தூய காற்றுச் சட்டம் வந்தது. சாவு முதலில், சட்டம் பிறகு!

இந்தியாவில் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டைத் தொடர்ந்து, 1981-ல் காற்று மாசு தடுப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. அதே ஆண்டில் நாட்டின் முதல் காற்றுத் தர வரம்புகளும் வந்தன.

1994-ல் வரம்புகளைத் திருத்தினார்கள். நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்தூசு, ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் குடியிருப்புப் பகுதி என்றால் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். தொழிற்பகுதி என்றால் 120! அதாவது ஸ்ரீரங்கத்தில் தூங்கும்போது ஒரு நியாயம், துவாக்குடியில் வெல்டிங் பட்டறையில் நிற்கும்போது இன்னொரு நியாயம். ஆனால் ஆள் ஒருவர்தானே? நுரையீரலும் ஒன்றுதானே?

இந்தத் தவறு 2009 நவம்பரில் சரியானது. தொழிற்பகுதி, குடியிருப்பு என்ற பேதம் போய், இரண்டுக்கும் 60 என்று ஆனது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத பிஎம் 2.5 துகளுக்கும் முதன்முறையாக வரம்பு (40) வந்தது. ரத்தம் வரை போய் இதயத்தையே பாதிக்கும் துகள் இது.

கடுமையான விதி போட்டால் தொழில் படுத்துவிடும் என்பார்கள். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினார்கள். 2020-ல் பிஎஸ் 4-ல் இருந்து, பிஎஸ் 5-ஐத் தாண்டி, நேராக பிஎஸ் 6-க்குத் தாவினார்கள். வண்டி விற்பனை நின்றுவிட்டதா என்ன? விதியைத் தளர்த்தினாலும் செலவு மிச்சமாவதில்லை. முதலாளியின் கணக்கில் இருந்து தொழிலாளியின் மருத்துவச் செலவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இன்று தேசிய தூய காற்றுத் திட்டத்தின் நகரங்களில் திருச்சியும் ஒன்று. காந்தி மார்க்கெட் லாரிகள், மெயின்கார்டு கேட் நெரிசல், பல ஆண்டுகள் அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் எரிந்த தீ எல்லாம் இந்த ஊர் அறிந்தவையே. ஆனால் அளக்கும் கோல் இன்னும் 2009-ல் செய்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன பிஎம் 2.5 அளவு 5. நம் வரம்பு 40, அதாவது எட்டு மடங்கு!

35 இருக்கும் ஊரை நம் கணக்கு "பாஸ்" என்கிறது. அங்கே மூச்சு வாங்கும் குழந்தைக்கு அந்த பாஸ் மார்க்கால் என்ன பயன்?

2009-ல் இடத்தை விட்டுவிட்டு மனிதனைப் பார்த்தது சட்டம். அடுத்த திருத்தம் அவன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். லண்டனைப் போல சாவுக்குப் பிறகு அல்ல, அதற்கு முன்பே!