திறக்காத சிப்பிக்கு விலை பிறந்த கதை

மன்னாரின் தெற்குக் கரையில் ஒரு நகரம் வர்த்தமானி அறிவித்தலில் பிறந்தது. இன்ன திகதியில், இன்ன பாரில், ஏறத்தாழ இத்தனை கோடி சிப்பி எடுக்கப்படும் என்று கொழும்பில் ஒரு தாள் அச்சேறும். அந்தச் செய்தி கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் பம்பாய்க்கும் போகும். பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன், குவைத் வரைக்கும் போகும். சில கிழமைகளில், மணலும் முட்புதரும் தவிர வேறொன்றும் இல்லாத மரிச்சுக்கட்டிக் கரையில் ஓலைக் கொட்டில்கள் வரிசை பிடிக்கும். கடைத்தெரு வரும். பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, மறியல் எல்லாம் வரும். பல்லாயிரம் பேர் குடியேறுவார்கள். இரண்டு மாதம் கழிந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இதற்குப் பெயர் சலாபம். முத்துக்குளிப்பு என்றால் எல்லோருக்கும் நினைவில் வருவது மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிற மனிதன். அவனைப்பற்றி எழுதாதவர் இல்லை; பிரான்ஸில் பிஸே என்ற இசையமைப்பாளர் இலங்கையை எட்டிப் பார்க்காமலே 1863இல் ஓர் ஒபேராவே போட்டுவிட்டார். எனக்கு அவனைவிட வியப்பாக இருப்பது கரையில் நின்ற வியாபாரிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளுக்கு, ஆயிரக்கணக்கில், ரொக்கமாக விலை சொன்ன ஆள் அவன். அந்த விலை எப்படிப் பிறந்தது என்பதுதான் இந்தக் கதை.

இன்றைக்கு மன்னார் பஸ் நிலையத்தடியில் உள்ள எந்தப் போன் கடையிலும் அவனுடைய வாரிசைக் காணலாம். கடைக்கு இன்னும் வந்து சேராத மொடலின் படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். “எப்ப அண்ணை வரும்?” “அடுத்த மாசம் எண்டு சொல்லுறாங்கள்.” “முன்காசு தந்தா என்ன விலைக்குத் தருவியள்?” கையில் எடுத்துப் பார்க்காத, ஒரு படம்கூட எடுத்துப் பார்க்காத சாமானுக்கு விலை பேசி முடிகிறது. கமரா இப்படி, பற்றரி அப்படி என்று விளக்கம் சொல்லும் தம்பியும் அதைக் கண்டதில்லை. இந்தப் பரபரப்பைக் கலிபோர்னியாக்காரர் கண்டுபிடித்ததாக ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் கரையில் அதற்கு அரசாங்கத் தரத்தில் ஏற்பாடுகள் இருந்தன.

முதலில் பொருள் விளைய வேண்டும். மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் கிடக்கிற பாறைத்திட்டுகளைப் பார் என்பார்கள்: பெரிய பார், கொண்டச்சிப் பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிக்குஞ்சு நான்கைந்து வயதாகும்போதுதான் முத்து விலைபோகும் பருமனுக்கு வரும். அதற்குமுன் எடுத்தால் மணல்போன்ற தூள்தான். விட்டுவைத்தால் ஓரிரு வருடத்தில் சிப்பி தானாகச் செத்து, முத்து கடலோடு போய்விடும். எடுக்கும் திகதியைத் தப்பாகக் குறித்தால் எல்லாமே நட்டம்.

ஆகவே வெள்ளைக்கார அரசாங்கம் முத்துப்பார் பரிசோதகர் என்று ஓர் உத்தியோகத்தை வைத்திருந்தது. கப்டன் டொனன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுங்காலம் அந்தப் பதவியில் இருந்தார். பரிசோதகர் குளியாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருக்குப் பார் இறக்கிப் பார்ப்பார். சிப்பி எவ்வளவு அடர்த்தி, என்ன வயது என்று குறித்துக்கொள்வார். பிறகு சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைத் தரம் பிரிப்பார்கள். அதற்கென்றே பத்துப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் இருந்தன. 20, 30, 50, 80 என்று தொடங்கி 1,000 வரை இலக்கமிட்டவை. இலக்கம் கூடக்கூடத் துளை சிறுக்கும். பருமன் தெரிந்தபின் தரம்: ஆணி, வடிவு, மடங்கு, குறுவல், கடைசியில் தூள். நிறுவை மஞ்சாடியிலும் கழஞ்சிலும். இத்தனையும் முடிந்தால் ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா முத்து என்று ஒரு தொகை வரும். அந்தத் தொகைதான் ஊரூராகப் போன செய்தியின் உயிர். இப்போது புதுப் போனை நாலு பேருக்கு முன்கூட்டிக் கொடுத்து, அவர்கள் சொல்வதை உலகமெல்லாம் பரப்புகிறார்களே, அந்த வேலையைத்தான் அந்தக் கிண்ணங்கள் செய்தன.

மாசி, பங்குனியில் காற்று தணிந்து கடல் தெளியும். அப்போதுதான் சலாபம். ஒரு நல்ல சலாபத்துக்கு 1905ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். 300க்கு மேற்பட்ட தோணிகள், ஏறத்தாழ 5,000 குளியாளிகள், கயிறு பிடிக்க இன்னும் அதேயளவு ஆட்கள். தமிழகக் கரையின் பரதவர்களும் முஸ்லிம்களும் வந்தார்கள். அரபிகள் மூக்கில் கொம்புக் கிடுக்கி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இவர்களோடு கடல்கட்டியும் வந்தார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிறவர். அவர் ஓதாவிட்டால் நம்மாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனால் கடல்கட்டியை அங்கீகரித்து வைத்துக்கொண்டார்கள். மார்க்கோ போலோ காலத்திலேயே அப்படிப்பட்டவருக்கு ஒரு பங்கு இருந்தது: அரசனுக்குப் பத்திலொன்று, சுறாவை மயக்குகிறவருக்கு இருபதிலொன்று என்று எழுதிவைத்திருக்கிறார்.

இரவோடிரவாகக் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். நண்பகலில் குளிப்பு நிற்க, கடற்காற்றோடு திரும்பிவரும். சிப்பி முழுதும் வேலியடைத்த அரசாங்கக் கொட்டிலுக்குள் போகும். அங்கே ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிபடும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு.

அரசாங்கக் குவியல் பொழுதுபட ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை? கேட்பவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டிகள், கீழக்கரை மரைக்காயர்கள், பம்பாய் வியாபாரிகள். ஒரு சிப்பிகூடத் திறந்திருக்காது. நேற்று வாங்கியவனுக்கு நல்ல முத்து விழுந்ததாம் என்று ஒரு கதை கடைத்தெருவில் கிளம்பினால் விலை ஏறும். ஒன்றுமில்லையாம் என்று இன்னொரு கதை வந்தால் இறங்கும். ஒரே பாரின், ஒரே வயதுச் சிப்பிக்கு ஒரு கிழமைக்குள் இருவேறு விலை. சிப்பி மாறவில்லை, சனத்தின் வாய்தான் மாறியது.

பெரிய ஏலத்தைவிடச் சுவாரசியமானது கொட்டில் வாசல். தன் பங்கைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே வரும் குளியாளியைச் சனம் மொய்த்துக்கொள்ளும். கூலியாள், தேநீர் விற்கிறவர், பொழுதுபோக்குக்கு வந்தவர் எல்லோரும் கையில் காசோடு நிற்பார்கள். ஒரு ரூபாவுக்கு இத்தனை என்று கைப்பிடிக் கணக்கில் வியாபாரம் நடக்கும். வாங்கியவர் அந்த இடத்திலேயே குந்தியிருந்து, கத்தி நுனியை ஓட்டுக்குள் விட்டு நெம்பி, வழுவழுத்த சதையைப் பெருவிரலால் அழுத்தித் தடவிப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் தட்டுப்படாது. அடுத்த சிப்பி. சுற்றி நிற்கிற பத்துப் பேரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். புதுப் போன் பெட்டியைப் பிரிப்பதை இலட்சக்கணக்கானோர் வீடியோவில் பார்க்கிறார்கள் என்று வியப்பவர்களுக்கு மரிச்சுக்கட்டி வாசலைச் சொல்லவேண்டும்.

மொத்தமாக வாங்கியவர்களுக்கு அந்தச் சுகம் இல்லை. இலட்சக்கணக்கான சிப்பியைக் கத்தியால் திறக்க முடியுமா? ஒரு கிழமைக்கு மேல் குவித்துப் போட்டு அழுகவிட வேண்டும். இலையான் மொய்த்து, புழு தின்று, சதை கரைந்தபின் கடல்நீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவுகிற கூலிக்காரர் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. முத்தை விழுங்கிவிடுவார் என்று காவல் நிற்கும். அந்த நாற்றத்தை 1906இல் அங்கே அரசாங்க வேலைக்கு வந்த லெனாட் வுல்ஃப் ஆயுளுக்கும் மறக்கவில்லை. வெர்ஜினியா வுல்ஃபை மணந்த அதே வுல்ஃப்தான். ‘பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்’ என்ற அவருடைய சிறுகதை இந்தச் சலாபத்தில் முளைத்தது.

1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி வெளியே வந்தது. அரசாங்கத்துக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. பிரித்துப் பார்த்தால் அதன் பங்குச் சிப்பி ஒன்றுக்கு ஐந்து சதம்கூட வராது. ஆனால் ஒரு முத்தைக்கூடத் தொடாமல், ஒரு சிப்பியைக்கூட அழுகவிடாமல், ஒரு சதம் கடன் கொடுக்காமல் சேர்ந்த 25 இலட்சம் அது. முன்பெல்லாம் முழுச் சலாபத்தையும் ஒருவருக்கே குத்தகைக்குக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அரசாங்கமே குளிப்பை நடத்தி அன்றன்று ஏலம்போடும் அமானி முறைதான் இந்தச் சந்தையைப் பெற்றது. முத்து இருந்தால் வாங்கியவன் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் வாங்கியவன் தலைவிதி. விற்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான். விற்பனைக்கு வந்தது எதிர்பார்ப்பு. முத்து அதற்கு ஒரு சாட்டு.

எதிர்பார்ப்புக்கு ஒரு குணம் உண்டு. அதைவிடக் குறைந்தால் வெற்றியும் தோல்விபோலத் தெரியும். 2007 ஜூன் 29இல் முதல் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது கடைவாசலில் சனம் படுத்துக் கிடந்தது. முதல் இரண்டு நாளில் 1,46,000 போன்கள் இணைப்புப் பெற்றதாக ஏடி அன்ட் ரீ நிறுவனம் அடுத்த மாதம் அறிவித்தது. நல்ல தொகைதானே? பங்குச்சந்தை அதைவிடப் பலமடங்கு கற்பனை செய்து வைத்திருந்தபடியால் அன்றைக்கே ஆப்பிளின் பங்கு விழுந்தது. இரண்டு மாதம் கழித்து 599 டொலர்ப் போனை 399க்கு இறக்கினார்கள். வரிசையில் நின்று வாங்கியவர்கள் கத்தியபின் 100 டொலருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். 2008க்குள் ஒரு கோடி என்று ஸ்டீவ் ஜொப்ஸ் சொன்ன இலக்கு, கடைசியில் எட்டப்பட்டது என்பது வேறு கதை.

மன்னாரில் முடிவு அப்படி அமையவில்லை. 1905இன் வருமானம் இலண்டன்வரை மணத்தது. 1906இல் சிலோன் கம்பனி ஒஃப் பேர்ல் ஃபிஷர்ஸ் என்ற நிறுவனம் 20 வருடத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. வருடத்துக்கு 3,10,000 ரூபா. ஒரே வருடத்தில் 25 இலட்சம் தந்த கடலுக்கு அது கொள்ளை மலிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வருடமும் அடுத்த வருடமும் சிப்பி கிடைத்தது. பிறகு கடல் கையை விரித்துவிட்டது. கம்பனி சில ஆண்டுகளில் கலைந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1892 முதல் 1902 வரை ஒரு சலாபமும் நடக்காமல் கிடந்த கடல் அது. காரணம் தேடத்தான் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 தொடக்கத்தில் வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் உதவிக்கு. இலண்டன் றோயல் சொசைற்றி அவருடைய அறிக்கையை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பெரிய பாரில் கோடிக்கணக்கில் குஞ்சு ஒட்டும், ஒரு பருவக்காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தால் காணாமல்போகும், மறுபடி ஒட்டும், மறுபடி போகும் என்பதை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். திருக்கை மீன் தின்று தீர்ப்பதும் உண்டு. அந்தப் பக்கங்களை வாசித்தவர் 20 வருடக் குத்தகையில் கையெழுத்து வைக்கலாமா? கம்பனிக்காரர்கள் மிக நல்ல வருடத்தின் கணக்கை எடுத்து, அதையே எல்லா வருடத்துக்கும் நீட்டிப் பார்த்தார்கள். அது பேராசை என்பதைவிடச் சோம்பல் என்பேன்.

1925இல் இன்னொரு சலாபம் நடந்தது. அதற்குள் ஜப்பானில் மிக்கிமோட்டோ சிப்பிக்குள் கையால் மணி வைத்து முத்து விளைவிக்கத் தொடங்கி, பாரிஸ் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். திறந்தால் முத்து இருக்கும் என்று நம்பக்கூடிய சிப்பி வந்தபின், இருக்குமா இருக்காதா என்று ஏலம் கேட்க யார் கடல் கடந்து வருவார்? பஹ்ரைனும் குவைத்தும் எண்ணெய்க்கு மாறின. எங்கள் பரதவரும் முஸ்லிம்களும் மீனுக்கும் நண்டுக்கும் மாறினார்கள்.

மரிச்சுக்கட்டி இப்போது முசலிப் பிரதேசத்தில் ஒரு முஸ்லிம் கிராமம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இந்தச் சனமும் போனது. போர் முடிந்து 2009க்குப் பிறகுதான் திரும்பியது. வந்த இடத்தில் காணி எது, வில்பத்துக் காடு எது என்ற வழக்கு காத்திருந்தது.

சலாபத்தின் நினைவாக நிற்கிற கட்டடம் அரிப்பில் இருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் ஃபிரெட்ரிக் நோத் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய டொரிக் மாளிகை. ஊரில் அல்லிராணிக் கோட்டை என்றால்தான் தெரியும். கதைகளில் வரும் அல்லிராணி அங்கே இருந்தாளா என்று யாரும் கேட்பதில்லை. செங்கல் சுவர்களும் தூண் மிச்சங்களும் கடலோர மேட்டின் விளிம்பில் நிற்கின்றன, அலை அந்த மேட்டை அடியில் அரிக்கிறது, ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் சரிகிறது. தொல்பொருள் திணைக்களம் அந்தக் கரைக்குக் கல்லணை போட்டால் மிஞ்சியதையாவது காப்பாற்றலாம். பார்க்க நினைப்பவர்கள் அடுத்த மாரிக்கு முன் போய் வாருங்கள்.