13-க்கு 10: சடுகுடுக் களம் அளவுக்குள் வந்த வரலாறு

விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் வீரர்களின் பெயர்களையும் வெற்றிகளையும் குறித்து வைக்கும் அக்கறையோடு, ஆட்டம் நடந்த தரையின் நீள அகலங்களைக் குறித்து வைப்பதில்லை. ஆயினும் எந்த உடல்வாகு கொண்டவர் வெல்வார், எந்தத் திறமை போற்றப்படும் என்பவற்றைத் தீர்மானிப்பதில் தரையின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், தமிழில் சடுகுடு என்றும் தெலுங்கில் செடுகுடு என்றும் வழங்கி, இன்று கபடி என்ற பொதுப்பெயரால் அறியப்படும் ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஊர்ப்புறத்துச் சடுகுடுவுக்கு நெடுங்காலம் நிலையான அளவு இருந்ததில்லை. அறுவடை முடிந்த வயலோ, கோயில் திடலோ, கேழ்வரகுக் கதிரடிக்கும் களமோ எவ்வளவு இடம் தந்ததோ அதுவே ஆடுகளமாக அமைந்தது. காலடியால் அளந்து, நடுவில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, ஓரங்களுக்குச் சாம்பலோ சுண்ணாம்போ தூவிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அளப்பவரின் காலடி நீளத்திற்கேற்ப ஊருக்கு ஊர் களம் வேறுபட்டதால், ஓர் ஊரில் எவராலும் பிடிக்க முடியாதவராகப் பெயரெடுத்தவர் அடுத்த ஊரில் இரண்டு எட்டுக்குள் மடக்கப்படுவதும் நேரக்கூடியதாக இருந்தது.

இந்த வேறுபாட்டைக் களையும் முயற்சி மேற்கு இந்தியாவில் தொடங்கியது. தொடப்பட்டு வெளியேறியவர் தம் அணி புள்ளி எடுக்கும்போது மீண்டும் உயிர்பெறும் சஞ்சீவனி, ஓர் அணி முழுவதும் வெளியேறும்வரை எவரும் திரும்ப முடியாத காமினி, தொடப்பட்டாலும் களத்திலேயே நின்று ஆடும் அமர் என மூன்று முறைகள் அங்கே வழங்கின. 1918 முதல் மராட்டியப் பகுதியிலும், பின்னர் 1923-இல் பரோடாவிலும் விதிகளை வகுத்து ஒழுங்குபடுத்தும் பணி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இந்த ஆட்டத்தை அயல்நாட்டார்முன் ஆடிக்காட்டியது. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாகி, 1952-இல் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி சென்னையில் நடந்தது. அப்போது ஓசூர், அதே சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்தது.

இன்றைய விதிப்படி ஆடவருக்கும் இளையோர் பிரிவுச் சிறுவருக்கும் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கும் இளையோர் பிரிவுச் சிறுமியருக்கும் 12-க்கு 8. அதற்கும் இளைய சப்-ஜூனியர் பிரிவினருக்கு 11-க்கு 8. இரு பக்கத்திலும் உள்ள ஒரு மீட்டர்ப் பட்டை லாபி எனப்படும்; தொடுதலோ பிடியோ நிகழ்ந்த பிறகுதான் அது ஆடுகளத்தின் பகுதியாகும். ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் உள்ளது. பாடிச் செல்பவர், அதாவது ரைடர், எவரையும் தொடாவிட்டாலும் இதையேனும் கடந்து திரும்ப வேண்டும். அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடும், அதிலிருந்து 1.75 மீட்டரில் எல்லைக்கோடும் அமைந்துள்ளன. ரைடரின் கணுக்காலைப் பற்றக் காத்திருக்கும் கார்னர் ஆட்டக்காரருக்குப் பின்வாங்கவும் பாயவும் வாய்த்திருப்பது பெரும்பாலும் இந்த 1.75 மீட்டர் மட்டுமே. காலடியால் அளந்த களம் ஓர் எட்டு குறைந்துவிட்டால் அவருடைய பாய்ச்சலே மாறிவிடும்.

இவ்வளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், வயதுப் பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி தெளிவாகும். லாபி நீங்கலாக, சப்-ஜூனியர் களத்தில் ஓர் அணி காக்கும் பரப்பு 33 சதுர மீட்டர். இளையோர் பிரிவுச் சிறுவருக்கு அது 52 சதுர மீட்டர். ஏழு பேர் காக்கும் பரப்பு ஒரே தாவலில் ஒன்றரை மடங்குக்கும் மேலாக விரிகிறது. எடை வரம்போ ஆடவருக்கு உள்ளதைவிடக் குறைவாகவே நிற்கிறது. எனவே மெலிந்த உடல்கள் பெரியவர்களின் பரப்பைக் காக்க வேண்டியிருப்பதால், தனியொருவரின் பலத்தைக் காட்டிலும் கைகோத்து நகரும் சங்கிலிப் பிடிக்கும், இடைவெளியை விரைந்து அடைக்கும் காலோட்டத்திற்கும் மதிப்புக் கூடுகிறது. சிறுமியருக்கு இந்த மாற்றம் 33-இலிருந்து 36 சதுர மீட்டர் என மிகச் சிறியது. நெருக்கமான களத்தில் கற்ற பிடிகளை அவர்களால் பெரிய மாற்றமின்றித் தொடர முடிகிறது.

பரப்பு ஆட்டத்தின் குணத்தை மாற்றுவது கபடிக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபின் வட்டக் கபடியில், விரிந்த வட்டக் களத்தில் ரைடரை ஒரு நேரத்தில் ஒருவரே தடுக்கலாம் என்பதால் மல்லர்களை ஒத்த பேருடல்கள் முன்னுக்கு வருகின்றன. ஐஸ் ஹாக்கியில் வட அமெரிக்கப் பனித்தளம் ஏறத்தாழ 26 மீட்டர் அகலமும், ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய தளம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமும் கொண்டவை. அந்த 4 மீட்டர் கூடும்போது உடல் மோதலின் பயன் குறைந்து, சறுக்கும் வேகத்தின் பயன் கூடுகிறது என்பதால், இளையோர் உலகப் போட்டிக்கு அணி சேர்ப்பவர்கள் தள அளவையும் கருத்தில் கொள்வதுண்டு.

அளவு நிலைபெற்றதன் மற்றொரு விளைவு, அதைக் கற்ற எவரும் போட்டிக்கு வரலாம் என்பதாகும். 1990 பெய்ஜிங் முதல் 2014 வரை ஆசிய விளையாட்டின் ஏழு ஆடவர் தங்கங்களையும் வென்ற இந்தியா, 2018-இல் ஜகார்த்தாவில் மல்யுத்த மரபு செழித்த ஈரானிடம் அரையிறுதியில் தோற்றது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரானே வென்றது. 2019-இல் நடந்த முதல் இளையோர் உலகப் போட்டியை ஈரான் வெல்ல, 2023-இல் ஈரானின் உர்மியா நகரில் அந்நாட்டை வென்று இந்திய இளையோர் பட்டம் பெற்றனர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகாவும், வடுவூரின் அபினேஷும் இடம்பெற்றனர். நெருக்கடியான குடியிருப்பிலிருந்தும் டெல்டாவின் ஊரொன்றிலிருந்தும் புறப்பட்ட இருவர் சர்வதேசக் களத்தில் நிற்க முடிந்ததற்கு, எங்கும் ஒன்றாகிவிட்ட இந்த அளவும் துணைநின்றது.

இந்தப் பின்னணியில்தான் ஓசூரின் அண்மை வரலாற்றை நோக்க வேண்டும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகி, அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் முதலிய ஆலைகள் வந்தபின், கதிரடிக்கும் களங்களும் தரிசு நிலங்களும் மனைகளாகப் பிரிந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஓசூரில் வளரும் சிறுவன் தமிழ்நாட்டு அணிக்கும், சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளியில் வளர்பவன் கர்நாடக அணிக்கும் ஆடக்கூடும். மாநில எல்லை அவர்களைப் பிரித்தாலும் 13-க்கு 10 என்ற அளவு இருவருக்கும் பொதுவானது. ஆனால் அந்த அளவைக் கால்கள் பழகுவதற்கு முதலில் அப்படி ஓர் இடம் வேண்டும். மண்ணும் மக்கிய எருவும் மரத்தூளும் கலந்து பதப்படுத்திய தரையே திறந்தவெளிக் களத்திற்கு விதி கூறும் தரையாகும். அது ஊர்மண்ணுக்கு அந்நியமானதன்று.

ஆடவர் களத்தின் பரப்பு 130 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றேகால் சென்ட். நீளம் 42 அடிக்குச் சற்று மேல். அகலம் 33 அடிக்குச் சற்றுக் குறைவு. ஓசூர்ப் பகுதியில் வீட்டுமனை விற்போரும் வாங்குவோரும் நாள்தோறும் பேசும் 30-க்கு 40 மனையைவிட இது ஒவ்வொரு பக்கமும் மூன்றடிக்கும் குறைவாகவே பெரியது. கதிரடித்த களத்தில் பிறந்த ஓர் ஆட்டம் அதே மண்ணில் தொடர்வதற்கு, ஒவ்வொரு மனைப்பிரிவிலும் ஏறத்தாழ ஒரு மனையளவு நிலம் சிறுவர்களுக்காக ஒதுக்கப்பட்டால் போதும்.