இரு முனைகளும் இரு வழிகளும்

‘டு மேக் போத் எண்ட்ஸ் மீட்’ என்னும் ஆங்கிலத் தொடரை ‘இரு முனைகளையும் சந்திக்க வைத்தல்’ என்று பெயர்ப்பதை நாம் பலகாலும் காண்கிறோம். சொல் வந்துவிட்டது, பொருள் வரவில்லை. வருவாய்க்குள் செலவை அடக்கக் குடும்பம் படும் திண்டாட்டத்தையே அத்தொடர் இன்று குறிக்கிறது.

தாமஸ் ஃபுல்லர் 1662இல் வெளிவந்த தம் இங்கிலாந்துச் சான்றோர் வரலாற்றில் இதனை ஆண்டிருக்கிறார். அங்கே அது வறுமையைச் சுட்டவில்லை. முனைகள் கூடினால் போதும், அதற்குமேல் மடிந்து கிடப்பது அறத்துக்கு என வாழ்ந்த ஒருவரின் மனநிறைவைச் சுட்டுகிறது. மடிப்பு என்ற குறிப்பால், துணியை எண்ணியே கூறினார் எனக் கொள்ளலாம். நிறைவைச் சொன்ன தொடர் பின்னாளில் பற்றாக்குறைக்கு உரியதாயிற்று.

துணி நம்மிடமும் உண்டு. ‘தலைக்கு இழுத்தால் காலுக்குப் பற்றவில்லை’ என்பது நம் வீட்டுப் பேச்சுத்தானே! வள்ளுவரோ வலியறிதல் அதிகாரத்தில் ‘ஆகாறு’, ‘போகாறு’ என்கிறார். பொருள் வரும் வழி சிறிதானாலும், போகும் வழி அதனினும் அகலாதவரை கேடில்லை என்பது கருத்து. இங்கு ஆறு என்பது வழிதான். ஆயினும் கண்மாய்ப் பாசனம் கண்ட ஒத்தக்கடை வட்டாரத்தார்க்கு வரத்துக்காலும் மடையும் நினைவுக்கு வராமல் போகா.

இக்குறள் அரசனை நோக்கியது என்பதை மறக்கலாகாது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில், நிவாரண வேலை செய்த ஆடவரின் நாள் தானியத்தை ஒன்றரை ராத்தலிலிருந்து ஒரு ராத்தலாகக் குறைத்தார். உடலுழைப்புக்கு அது போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். கருவூலத்தின் முனைகள் கூடுவதற்காகக் குடிகளின் வயிறு சுருக்கப்பட்டது.

1895இல் பென்னிகுக்கின் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே கடலுக்கு ஓடிய நீர் மேலூர்ச் சமவெளிக்குத் திரும்பியது. போகாற்றை நெரிக்காமல் ஆகாற்றை அகலச் செய்த பணி அது.

முனைகள் தாமாகக் கூடுவதில்லை. யாரோ ஒருவர் இழுத்துப் பிடிக்கிறார். அவரை ஆங்கிலத் தொடர் காட்டுவதில்லை. ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ என்னும் நம் வழக்கு காட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்போர் அதனையே கைக்கொள்ளலாம்.