நடுப்புள்ளி எங்கே?

2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி, ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து அருகே ஒரு வாளியில் சில பொருட்களை வைத்து மறைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். இப்படித் தொடங்கியதுதான் ஜியோகேச்சிங் என்னும் புதையல் வேட்டை.

இந்த விளையாட்டில் ஒரு வகைப் புதிர் உண்டு. இரண்டு இடங்களைச் சொல்லி, அவற்றின் நடுவில் புதையல் இருக்கிறது என்பார்கள். ஒரே ஊருக்குள் என்றால் கணக்கு சுலபம். அட்சரேகைகளைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும், தீர்க்கரேகைகளையும் அப்படியே. தூரம் கூடினால் இது பலிக்காது, ஏனென்றால் பூமி உருண்டை. பாரீசுக்கும் நியூயார்க்குக்கும் இப்படிச் சராசரி எடுத்தால் சுமார் 45 பாகை வடக்கு வரும். உருண்டை மேல் மிகக் குறுகிய பாதையின் நடுப்புள்ளியோ 51.6 பாகையில் இருக்கிறது. 700 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம்! 179 கிழக்குக்கும் 179 மேற்குக்கும் சராசரி எடுத்தால் பூஜ்யம் வரும். அது உலகத்தின் மறுபக்கம்.

இரண்டு புள்ளிகளுக்கே இவ்வளவு சிக்கல் என்றால், ஒரு நாட்டுக்கு நடு எது? வரைபடத்தை அட்டையில் வெட்டி ஊசிமுனையில் நிறுத்தினால், சாயாமல் நிற்கும் இடமே நடு என்பது ஒரு வழி. பிரான்சில் ஷேர் மாவட்டத்துப் புருயேர்-அலிஷான் ஊரில், ரோமானியர் காலத்து மைல்கல் ஒன்றை 1799-இல் நாற்சந்தியில் நிறுத்தினார்கள். நாட்டின் நடு அதுவே என்று அவ்வூரார் சொல்லி வருகிறார்கள். அக்கம்பக்கத்தில் சோல்சே-லெ-போத்தியே, வெதன் ஆகிய ஊர்களும் அதே பெருமையைக் கோருகின்றன. கோர்சிகாத் தீவைச் சேர்ப்பதா, விடுவதா என்பதிலேயே புள்ளி நகர்ந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடுவைப் பிரான்சின் தேசிய வரைபட நிறுவனம் கணக்கிட்டு வருகிறது. 1995-இல் ஒன்றியம் 15 நாடுகளானபோது அது பெல்ஜியத்தின் விருவான்வாலில் இருந்தது. 2004-இல் பத்து நாடுகள் சேர, ஜெர்மனியின் கிளைன்மைஷைட் சிற்றூருக்குப் போனது. 2007-இல் கெல்ன்ஹவுசன், 2013-இல் குரோஷியா சேர்ந்ததும் வெஸ்டெர்ன்குருண்ட். 2014-இல் நம் இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு மயோத் கணக்கில் சேர்ந்தது. அத்தனை சிறிய தீவுக்கே அந்தப் புள்ளி ஊருக்குள் சற்று நகர்ந்தது. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேற, பட்டம் 50 கிலோமீட்டருக்கும் மேல் தென்கிழக்கே, வூர்ஸ்பர்க் அருகே காட்ஹைம் என்ற குக்கிராமத்து வயலுக்குப் போய்விட்டது. பிரிட்டன் மக்கள் போட்ட ஓட்டு, வெஸ்டெர்ன்குருண்ட்காரர்களின் பெருமையைப் பறித்துவிட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. வயலுக்குச் சொந்தக்காரரும் அதைத் தேடிப் போகவில்லை.

ஆகவே பேரப்பிள்ளைகள் இப்படி ஒரு புதிரோடு வந்தால், பென்சிலை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். எதை எதையெல்லாம் சேர்த்துக் கணக்கு? தட்டையான தாளிலா, உருண்டையின் மேலா? இவற்றுக்கு விடை தெரிந்தால், மிச்சம் வெறும் கூட்டல் வகுத்தல்தான்.