மழைத்துளி உணரி

வெட்டவெளியில் ஒரு பரப்பின்மேல் விழும் அல்லது தெறிக்கும் நீரை அறிந்து மின்குறிப்பாகத் தரும் கருவி. பெய்த மழையை அளப்பது மழைமானி. நனைந்ததா இல்லையா என்பதை உடனே சொல்வது இது.

செங்கல்பட்டு அருகேயுள்ள சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தோடு இதை இணைப்பது கார்த் தொழில். ஊருக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை 2007-இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும் தொடங்கின. மழை கண்டதும் தானே ஓடும் வைப்பருக்குப் பின்னால் இருப்பது ஓர் ஒளியியல் உணரி. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்பட்டு, அகச்சிவப்பு ஒளியை 45 பாகைச் சாய்வில் கண்ணாடிக்குள் செலுத்தும். ஒளி வெளியேறாமல் முழுதும் திரும்பத் தொடங்கும் மாறுநிலைக் கோணம் கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையே சுமார் 42 பாகை. ஆகவே உலர்ந்த கண்ணாடியில் ஒளி முழுதும் எதிரொளித்துத் திரும்பும். துளி படிந்த இடத்தில் அக்கோணம் 63 பாகையை நெருங்குவதால் ஒளியின் பெரும்பகுதி நீர்வழியே வெளியேறிவிடும். திரும்பும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மழை. மின்சுற்று நீரைத் தொடுவதே இல்லை என்பது இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது வேறு வகை. சீப்புப் பற்களைப் போல இரு செப்புத் தடங்கள் கோத்து நிற்கும் பலகை. துளி இடைவெளியை நிரப்பினால் மின்னோட்டம் பாயும், எல்.எம்.393 ஒப்பீட்டுச் சில்லு அதைக் குறிப்பாக மாற்றும். பள்ளிக் கண்காட்சிக்கு இது போதும், மொட்டைமாடிக்குப் போதாது. நேர்மின்னோட்டம் இடைவிடாது பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நேர்முனைத் தடத்தைத் தின்றுவிடும். அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் தருவதும், முனைகளை மாற்றி மாற்றித் தருவதும் ஆயுளை நீட்டும். தடங்களைக் காப்புப் பூச்சுக்குள் மூடி, மின்தேக்குத் திறனை அளப்பது இன்னும் நல்லது: காற்றின் மின்காப்பு மாறிலி 1, நீருடையது ஏறத்தாழ 80.

துளியைக் கண்டுபிடிப்பது எளிது; பனியையும் புழுதியையும் விலக்குவதுதான் வடிவமைப்பின் கடினமான பகுதி. மார்கழி விடியலில் படியும் பனியைப் பலகையின் பின்னுள்ள சிறு சூடேற்றி உலர்த்திவிடும். மழையோ மீண்டும் மீண்டும் நனைக்கும். லாரிகள் ஓடும் சாலையோரத்தில் புழுதி நாளுக்கு நாள் படிந்து அளவீட்டை நகர்த்தும். அதனால் நிலையான வரம்பை நம்பாமல் திடீர் மாற்றத்தைத் தேடும்படி நிரல் எழுத வேண்டும். சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் வைப்பருக்கு மழைதான். களத்தில் காயும் நெல்லைக் காக்க வைத்த உணரிக்கு அது பொய்ச்செய்தி. அங்கே சில நொடிகளுக்குள் பல துளிகள் விழுந்தால்தான் மழை என்று கொள்ளலாம். பலகையைச் சாய்த்துப் பொருத்தினால் நீர் தேங்காது. வயரைக் கீழிருந்து நுழைத்தால் பெட்டிக்குள் நீர் இறங்காது.